மாம்பலம்: ஏரி இருந்த ஊர்



உள்ளூர் வரலாறு பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்னும் நோக்கத்தோடு ஏற்படுத்தப்பட்ட இந்த அறக்கட்டளையின் சார்பில் என்னை அழைத்தபோது, எந்த ஊரைப் பற்றிப் பேசுவது என்று நான் நெடுநேரம் ஆலோசிக்கவில்லை. பிள்ளைப் பிராயம் முதல் நான் வாழ்ந்துவருகிற மாம்பலத்தைப் பற்றியே பேசுவதாக ஒப்புக்கொண்டேன். கல்யாணப் புடவை எடுக்கவும் திருமாங்கல்யத்துக்குப் பொன் வாங்கவும் தமிழ்நாட்டின் நானா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து மிதித்துச் செல்லுகிற பூமி அது. ஆயினும், தாங்கள் நிற்கிற இடத்தில் நூறாண்டுகளுக்கு முன்னர் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் கடல்போல் நீர் விரிந்து கிடந்தது என்பதை அவர்களில் அறிந்தவர் மிகச் சிலரே. அங்கேயே குடியிருப்போரிலும் பலர் அறியார். கிராமம் நகரமாகும்போது நிலம் கைமாறுகிறது, தொழில் மாறுகிறது, குடிகளும் மாறுகிறார்கள். மழைநீர் செல்லும் வழி மாத்திரம் மாறுவதில்லை. அந்த வழியைப் பற்றிக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருந்த ஞானத்தை நகரம் தனக்குரிய சொத்தாக ஏற்றுக்கொள்ளாமற்போனதே மாம்பலத்தின் பிற்காலத் துன்பங்களுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். அதை இயன்றவரை விளக்கிச் சொல்லவே இங்கே நிற்கிறேன்.

பழைய நிலப்படங்களை எடுத்து விரித்தால், மவுண்ட் ரோடு என்று நாம் நெடுங்காலம் வழங்கிவந்த அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரையில், பிறைச்சந்திரனைப் போல வளைந்த நெடிய நீர்ப்பரப்பு ஒன்று வரையப்பட்டிருப்பதைக் காணலாம். வடபகுதியை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தென்பகுதியை மயிலாப்பூர் ஏரி என்றும் குறித்தார்கள். இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர் லாங் டாங்க் என்று வழங்கினார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அவர்கள் அதிலே படகுப் பந்தயம் நடத்தி உல்லாசமாகப் பொழுதுபோக்கியதும் உண்டு. கிராமத்தாருக்கோ அது உல்லாசத்துக்குரிய இடமன்று, சீவனத்துக்குரிய இடம். அந்த நீர்ப்பரப்பின் மேற்கே, வயல்களுக்கும் தோப்புகளுக்கும் இடையே, செங்கற்பட்டு ஜில்லா சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த கிராமமாக இருந்தது மாம்பலம். தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் புலியூர்க் கோட்டம் என்று பெயர் பெற்ற பழைய பிரிவுக்குள் அடங்கிய பிரதேசம் அது.

தொண்டை மண்டலத்துக்குப் பெருநதி இல்லை. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கூவமும் அடையாறும் மழைக்காலத்து நதிகள். ஆண்டுதோறும் பெய்யும் 140 செண்டிமீட்டர் அளவான மழையில் பாதிக்கு மேற்பட்டதை ஐப்பசி முதல் மார்கழி வரையிலான குறுகிய காலத்தில் வானம் கொட்டிவிடுகிறது. அந்த நீரைக் கடலுக்குப் போகவிடாமல் தடுத்து வைத்துக்கொண்டால்தான் எஞ்சிய மாதங்களில் பயிரும் உயிரும் பிழைக்க முடியும். ஆகவே, மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சாய்ந்து செல்லும் இந்தச் சமவெளியில், சாய்வுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, நீரைத் தேக்கி, கரைக்கு அப்பால் தாழ்ந்துள்ள நிலத்துக்கு மதகு வழியாக விட்டுப் பாய்ச்சும் முறையை நம் முன்னோர் கைக்கொண்டார்கள். மேலேரி நிறைந்தால் கலங்கல் வழிந்து கீழேரிக்கு நீர் வரும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்குப் போகும். கடைசி ஏரியின் மிகுநீர் ஆற்றிலோ கடலிலோ சேரும். இந்தத் தொடர்ச்சியில் எந்த ஏரியும் தனித்து நிற்பதில்லை. ஒன்றைத் தூர்த்தால் அதற்கு மேலுள்ளதன் மிகுநீர் எங்கே போகும் என்னும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நான் இனிச் சொல்லப்போவதைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

ஏரி இருந்தால் மாத்திரம் போதாது. அதைக் காப்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஜாகீராகக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்தபின், பார்னார்டு என்னும் பொறியாளர் 1767க்கும் 1774க்கும் இடையில் அச்சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் காலத்தை ஒட்டிக் கணக்குப்பிள்ளைகள் எழுதிவைத்த ஓலைச்சுவடிகளும் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் அருமையைச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நமக்கு எடுத்துக்காட்டியவர் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர். களத்தில் நெல் அளக்கும்போது, அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னரே, இன்னின்னாருக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மேரைகளையும், அவற்றுள் ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதையும், மதகு திறந்து நீர் பகிர்ந்தளிக்கும் கம்புகட்டிக்கு உரிய சுதந்திரம் என்னும் பங்கையும் அக்கணக்குகளில் படிக்கும்போது, மனிதரைப் போலவே ஏரியையும் ஊரின் பங்காளியாகக் கருதிய சமூகம் அது என்பது விளங்குகிறது. அதே ஜில்லாவில் மதுராந்தகத்துக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியை ஏரி காத்த ராமர் என்று அழைக்கிறார்கள். கரை உடையும் தறுவாயில் இராமலக்ஷ்மணர் வில்லேந்திக் காவல் நின்றதைக் கலெக்டர் பிளேஸ் துரை கண்ட கதையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: இந்த ஜில்லாவின் குடியானவர்களுக்கு ஏரிக்கரையைக் காட்டிலும் காக்கத்தக்க பொருள் வேறொன்று இருந்ததில்லை. கும்பினி ஆட்சியில் மேரைகள் குறைந்து, ஏரி காப்போரின் உரிமைகள் தேய்ந்து, 1858இல் கட்டாய வேலைச் சட்டம் கொண்டுவந்து, ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தை நடத்தவேண்டிய நிலை வந்தது. விரும்பிச் செய்த தொண்டைச் சட்டம் போட்டு வாங்க நேர்ந்தபோதே ஏரிகளின் நல்ல காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மாம்பலம் என்னும் பெயர் நகரத்தாரின் காதில் முதலில் விழுந்தது ஒரு பாலத்தின் மூலமாக. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, பரங்கிமலை செல்லும் யாத்திரிகர்களின் பொருட்டு, அடையாற்றின் குறுக்கே 1726இல் கட்டிய அந்தப் பாலத்தை மார்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் அழைத்தனர். அது மாம்பலத்தின் பெயர்தான். இருபதாம் நூற்றாண்டில் பழைய பாலம் போய், மறைமலை அடிகளின் பெயரால் புதிய பாலம் வந்தது. உஸ்கான் பதித்த கல்வெட்டு மாத்திரம் சாலையோரத்தில் இன்றும் நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் அதை ஒருமுறை நின்று பார்க்கவேண்டும்.

இனி நகரம் வந்த வரலாற்றுக்கு வருவோம். முதல் உலக யுத்தம் தொடங்கிய தறுவாயில், ஸ்காட்லாந்து தேசத்து அறிஞரான பாட்ரிக் கெடஸ், நகரமைப்புக் கலையைப் பற்றிய தமது கண்காட்சியைச் சென்னையில் நடத்துவதற்காகப் புறப்பட்டு வந்தார். அவருடைய படங்களையும் மாதிரிகளையும் ஏற்றிவந்த கப்பலை, சென்னையின் மீது குண்டு வீசிய அதே எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் மறுபடியும் பொருள்களைத் திரட்டி அனுப்ப, 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கே கண்காட்சி நடந்தேறியது. கெடஸ் இந்திய நகரங்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளில், குளங்களையும் ஏரிகளையும் கொசு உற்பத்தி என்னும் காரணம் காட்டித் தூர்ப்பதை வன்மையாக எதிர்த்தார்; அவற்றைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்று வாதித்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்த லான்செஸ்டர் என்னும் நகரமைப்பாளர் 1918இல் சென்னையின் நகரமைப்பைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இந்தியாவிலேயே இக்கலையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த இருவரின் காலடி பட்ட நகரம் நம்முடையது. அப்படியிருந்தும், 1920இல் நகரமைப்புச் சட்டம் நிறைவேறி, வீட்டுமனைகளுக்கு இடம் தேடியபோது, அதிகாரிகளின் கண் முதலில் சென்று விழுந்த இடம் ஏரிதான். நகரத்தில் நெருக்கடி மிகுந்திருந்தது என்பது மெய். ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வீடு கிடைக்காமல் நடுத்தர வகுப்பார் தவித்தனர். நெருக்கடியைப் போக்க வேண்டியது அவசியமே. ஆனால் ஏரியைத் தாழ்ந்த விலையுள்ள வெற்றுநிலம் என்று எண்ணியதில்தான் கோளாறு நேர்ந்தது.

இருபதுகளில் ஏரிக்கரை உடைக்கப்பட்டு, நீர் வடிக்கப்பட்டு, படுகையில் சாலைகள் கோடு கிழிக்கப்பட்டன. அக்காலத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. முதல் மந்திரியாக 1921 முதல் 1926 வரை பதவி வகித்தவர் பனகல் அரசர். அவருடைய பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு அமைந்தது. முதல் மந்திரிப் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை மறுத்தவரும், சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவரும், 1925இல் காலமானவருமான பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கே சூட்டப்பட்டது. டாக்டர் நாயர், டாக்டர் நடேச முதலியார், உஸ்மான் சாகிப், பசுல்லா சாகிப், ஜி. என். செட்டியார் என்று அக்கட்சியிலும் அக்காலத்துப் பொதுவாழ்விலும் விளங்கியவர்களுடைய பெயர்கள் சாலைகளிலும் பூங்காக்களிலும் இடம்பெற்றன. தமிழ்நாட்டு அரசியல் சரித்திரத்தின் ஒரு பத்தாண்டை நடந்தே படிக்கவேண்டுமானால் தியாகராய நகரில் ஒரு காலைப்பொழுது உலாவினால் போதும். இந்து, முஸ்லிம், தெலுங்கர், தமிழர் என்ற பேதம் அப்பெயர்களில் இல்லை. அதை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் அந்த ஏரியின் மதகைத் திறந்தவன், கரைக்கு மண் சுமந்தவள், படுகையில் கோடைக்காலத்தில் ஆடுமாடு மேய்த்தவன், ஏரிமீன் பிடித்து விற்றவள் ஆகியோருடைய நினைவு எந்தத் தெருப்பலகையிலும் இல்லை என்பதையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்து டாங்க் பண்டு சாலையும்தான் அந்த நீரின் பெயரைத் தாங்கி எஞ்சியிருப்பவை. லேக் வியூ சாலையில் நின்று நாற்புறமும் நோக்கினால் இன்று கண்ணுக்குத் தென்படுவது கட்டடங்களே.

ரயில் பாதை மாம்பலத்தை இரண்டாகப் பிரித்தது. பாதைக்குக் கிழக்கே, அளந்து வகுத்த மனைகளும் அகன்ற சாலைகளும் மரநிழலும் அமைந்த தியாகராய நகர். மேற்கே, பழைய கிராமம், அதன் குறுகிய சந்துகளோடும் கோதண்டராமர் கோயிலோடும் காசி விசுவநாதர் கோயிலோடும் அப்படியே நின்றது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியதும், கோட்டையிலும் துறைமுகத்திலும் வணிகக் கம்பெனிகளிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு மாம்பலம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. வசதியுள்ளவர்கள் கிழக்கே மனை வாங்கினார்கள். வாடகைக்கு வந்தவர்கள் மேற்கே ஒண்டுக்குடித்தனங்களில் புகுந்தார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து நிலத்தை விற்றோ விட்டோ வந்த குடும்பங்கள் ஐம்பதுகளில் அயோத்தியா மண்டபம் போன்ற இடங்களில் கூடி, தங்கள் ஊரில் விட்டுவந்த பஜனையையும் உபந்நியாசத்தையும் இங்கே மறுபடி நிலைநிறுத்திக்கொண்டார்கள். கிழக்கிலோ, தக்ஷிண பாரத இந்திப் பிரசார சபை முப்பதுகளில் வந்து அமைந்தது. காந்தியடிகள் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் வெள்ளிவிழாவுக்கு வந்து அங்கேயே தங்கினார். சித்தூர் நாகையா முயன்று எழுப்பிய வாணி மகாலில் சங்கீதம் முழங்கியது. கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்கள் அருகில் இருந்தமையால் சினிமாக் கலைஞர்கள் இங்கே வீடு கட்டினார்கள். திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் வாழ்ந்து, அங்கேயே 1975இல் உயிர்நீத்தார் காமராசர். ஒரு காலத்து ஏரிப்படுகை இத்தனை பெரியோரைத் தாங்கியதை எண்ணும்போது உண்மையிலேயே பெருமிதம் உண்டாகிறது.

ஆனால் மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு வெளியூரில் வேறொரு கீர்த்தியும் இருந்தது. கொசுவும் யானைக்கால் நோயும் அது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல், சுகாதார இலாகா ஊழியர்கள் கையில் விளக்கும் கண்ணாடித் தகடுகள் அடங்கிய மரப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். யானைக்கால் கிருமி பகலில் உள்ளே ஒடுங்கியிருந்து இரவில்தான் மேற்புற இரத்தத்தில் உலாவுமாதலால், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பித்தான் சோதிக்கவேண்டும். பாட்டி எங்களை ஒவ்வொருவராக எழுப்பித் திண்ணையில் உட்காரவைப்பாள். ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் இடக்கை விரல் நுனியைத் துடைத்து, ஊசியால் குத்தி, துளித்த இரத்தத்தைத் தகட்டில் வைத்துத் தடவி, அதன் ஓரத்தில் எண் எழுதிக்கொள்வார்கள். அழுகிற சின்னத் தம்பிக்குப் பாட்டி வெல்லக்கட்டி கொடுத்து, ‘ஒண்ணுமில்லேடா கண்ணா, எறும்புக் கடி’ என்பாள். இந்த நோய் இங்கே இத்தனை வேரூன்றியதற்குக் காரணம் என்ன? அந்தக் கிருமியைச் சுமக்கும் கொசு அசுத்தமான தேங்குநீரில் பெருகுவது. மேற்கிலிருந்து ஏரிக்குள் வந்துசேர்ந்துகொண்டிருந்த மழைநீர், ஏரி போனபின்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ரயில் பாதையின் மேட்டைத் தாண்டிக் கிழக்கே செல்ல அதற்குப் போதிய வழி இல்லை. பாதாளச் சாக்கடையும் கிழக்குக்கு முதலிலும் மேற்குக்கு வெகுகாலம் கழித்துமே வந்தது. ஆகவே வாசற்புறத்துத் திறந்த சாக்கடைகளில் நீர் தேங்கியது. கொசு ஒழியவேண்டும் என்று நீர்நிலைகளைத் தூர்ப்பதைக் கெடஸ் எதிர்த்ததன் நியாயம், எங்கள் தெருத் திண்ணையில் விரல் நுனியில் வந்து ருசுவாயிற்று.

ரங்கநாதன் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும்; சொல்லாமற்போனால் மாம்பலத்தின் பெயரை எடுத்ததாகவே நீங்கள் ஒப்பமாட்டீர்கள். அது குடியிருப்புத் தெருவாக வகுக்கப்பட்டதேயன்றிக் கடைத்தெருவாக எவரும் வகுக்கவில்லை. ஆனால் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போக அதுவே நேர்வழி. ஆபீசிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிற ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் தினந்தோறும் அந்த வழியே நடந்தமையால், முதலில் காய்கறிக்காரியும் பூக்காரியும், பின்பு பாத்திரக்கடையும் துணிக்கடையும், கடைசியில் பல மாடிக் கட்டடங்களும் அங்கே வந்து சேர்ந்தன. காஞ்சிபுரத்துப் பட்டை 1928 முதல் விற்றுவரும் நல்லி சின்னசாமி செட்டியார் கடையும், அதைச் சூழ்ந்து எழுந்த பிற பட்டுக்கடைகளும் பனகல் பூங்காவைச் சுற்றிக் கல்யாணச் சந்தையொன்றையே உண்டாக்கிவிட்டன. திட்டம் வகுத்தோர் வீடுகளை எண்ணினார்கள். ஜனங்களின் கால்கள் சந்தையைத் தேர்ந்தெடுத்தன. இதை நான் குறையாகக் கூறவில்லை. ஜனங்கள் நடக்கும் வழியை மதித்து, ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையை 2023இல் அமைத்திருக்கிறார்கள். நடக்கிற மனிதருக்குக் காட்டிய இந்த மரியாதையை ஓடுகிற நீருக்கும் காட்டியிருக்கலாகாதா என்பதே என் கேள்வி.

ஏனெனில், தூர்ப்பது இருபதுகளோடு நின்றுவிடவில்லை. சுதந்திரத்தை ஒட்டி ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டு (சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டு), தன் பெயராலேயே சி.ஐ.டி. நகரைத் தெற்கே உண்டாக்கிற்று. நந்தன வருஷத்தில், அதாவது 1952இல், ராஜாஜி பெயர் வைத்த நந்தனம் அதனை அடுத்து எழுந்தது. வடக்கே எஞ்சியிருந்த நுங்கம்பாக்கத்து ஏரிப் பகுதியில் லேக் ஏரியா என்ற பெயரோடு தெருக்கள் வந்தன. அந்தப் படுகையிலேயே வள்ளுவர் கோட்டம் எழும்பி, 1976ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. நீரின்றி உலகம் அமையாது என்பதைத் தலையாய உண்மைகளுள் ஒன்றாகப் போதித்த புலவனுக்கு எழுப்பிய தேர், நீர் இருந்த இடத்தில் நிற்கிறது. அவன் வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வைத்தான் என்பதை அங்கே செல்லும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.

இப்போது ஏரியின் மிச்சமாக இருப்பது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி, தியாகராய நகரின் நடுவே மறைந்தும் வெளிப்பட்டும் சென்று, நந்தனம் வழியாக அடையாற்றில் கலக்கிறது. பல இடங்களில் அதன்மேல் பலகைக்கல் மூடியிருக்கிறது. அருகில் குடியிருப்போர் அதைச் சாக்கடை என்றே அறிவார்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, மேற்கு மாம்பலத்திலும் அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது, அடையாறு அவ்வாறு பெருகாதிருந்தும், ஜி. என். செட்டி சாலையைச் சுற்றிய தெருக்களில் நீர் நாட்கணக்கில் நின்றது. துரைசாமி சுரங்கப்பாதை மழைதோறும் குளமாவதைப் பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். இவையெல்லாம் இயற்கையின் சீற்றம் என்று பேசப்படுகின்றன. ஏரியின் அமைப்பை அறிந்த எந்தக் கிராமத்துக் கிழவரும் அப்படிப் பேசமாட்டார். ஏரியில் ஆழம் மிகுந்த இடம் கரையை ஒட்டிய இடமே. நீர் கடைசி வரையில் வற்றாமல் நிற்பதும் அங்கேதான். மயிலாப்பூர் ஏரியின் கரை கிழக்கே, மவுண்ட் ரோட்டுப் பக்கமாக இருந்தது. ஆகவே நகரின் மேற்குப் பகுதி நனைகிற மழையில் கிழக்குப் பகுதி முழுகினால் அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. மாடுகள் சாயங்காலத்தில் தாமாகவே பழைய கொட்டிலுக்குத் திரும்புவதுபோல, அந்த நீர் தனக்குப் பழக்கமான பள்ளத்துக்கு வந்து நிற்கிறது.

நான் நகரத்தின் பகைவன் அல்லன். நூறாண்டுகளுக்கு முன்னே அந்த மனைகள் போடப்படாதிருந்தால் என் தந்தையார் இந்த நகரத்தில் காலூன்றியிருக்க மாட்டார். நானும் இம்மேடையில் நின்றிருக்க மாட்டேன். அன்றைய திட்டக்காரர்கள் பூங்காக்களுக்கு இடம் விட்டார்கள். சாலைகளை அகலமாக வைத்தார்கள். பள்ளிகளுக்கு நிலம் ஒதுக்கினார்கள். அவர்களுக்குப் பின்வந்த எந்தத் தலைமுறையும் அந்த அளவு தாராளம் காட்டவில்லை. அவர்கள் அறியாதது ஒன்றே; அதை அறிந்திருந்த கம்புகட்டியை அவர்கள் மேசைக்கு அருகில் அழைத்து உட்காரவைத்துக் கேட்கவில்லை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. வரைபடம் வரையத் தெரியாது. எந்த மழைக்கு எந்த மதகு, எந்த மாதத்தில் எந்த வாய்க்கால் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கல்வி ஓலையிலும் வாய்மொழியிலும் இருந்தபடியால் கல்வியாகவே எண்ணப்படவில்லை. இந்த அவமதிப்பு மாம்பலத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மடிப்பாக்கத்திலும் அதே கதை நம் கண்ணெதிரே நடந்தேறியது. இன்றும் சென்னையின் எல்லை விரியும் ஒவ்வொரு திசையிலும் ஏரிக்கரையின்மேல் நின்று மனை விலை பேசுகிறார்கள்.

ஆகையால், இந்த அறக்கட்டளைக்கும் இங்கே கூடியிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். மாம்பலத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பழங்குடும்பங்கள் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுடைய பீரோக்களிலும் இரும்புப் பெட்டிகளிலும் பாட்டன் காலத்துக் கிரய சாசனங்கள் மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன. அவற்றை வக்கீலிடம் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். சரித்திரம் அறிய எடுத்துப் படிப்பதில்லை. அண்மையில் நண்பர் ஒருவர் காட்டிய பழைய சாசனமொன்றில், சொத்தின் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளை, விவரிக்குமிடத்தில், இந்த நிலத்துக்குக் கிழக்கு ஏரி வாய்க்கால், மேற்குப் பாட்டை, வடக்குத் தோப்பு, தெற்குக் களம் புறம்போக்கு என்று எழுதியிருக்கக் கண்டேன். அந்த ஒரு வரியில் ஊர் முழுவதும் நிற்கிறது. அந்த வாய்க்கால் இன்று எந்த வீட்டின் அடியில் போகிறது என்று கண்டுபிடிக்க அந்த ஒரு தாளே போதும். இப்படி நூறு சாசனங்களைத் திரட்டி, அவற்றின் எல்லைகளைப் பழைய புலப்படங்களோடு பொருத்தி, தாலுகா அலுவலகத்திலுள்ள அ பதிவேட்டில் ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் என்று குறிக்கப்பட்ட இடங்களையும் சேர்த்துக் குறித்தால், காணாமற்போன ஏரியின் படத்தை நாமே வரைந்துவிடலாம். கல்லூரி மாணவர் பத்துப்பேர் ஒரு கோடை விடுமுறையில் செய்யக்கூடிய வேலை அது.

வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து, மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் வரும், எந்தக் கிணற்றில் கோடையிலும் ஊற்று வற்றாது, எந்த மேட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் காலத்துக்குப் பின் கேட்பதற்கு ஆளில்லை. அப்படித் திரட்டிய படமும் குறிப்பும் ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்திலும், ஒரு பிரதி மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவிலும், ஒரு பிரதி அந்தந்த வட்டாரத்துப் பள்ளியிலும் இருக்கவேண்டும். இவ்வறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குத் தனியொருவரை அழைப்பதற்குப் பதிலாக, அந்தப் படத்தை வரைந்த மாணவர்களை இம்மேடையில் ஏற்றிப் பேசவைக்குமாறு நிர்வாகிகளைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டிலுள்ள பழைய சாசனங்கள் மூன்றையும் படியெடுத்துக்கொள்ளத் தருவதற்கு இப்போதே சித்தமாயிருக்கிறேன்.